பாரக்கில் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கும்? ராணுவத்தின் 'சிக் ரிப்போர்ட்' விதிகளும் ஆண்டர்சன்பேட்டை அறிந்த பழைய கேள்வியும்

காலையில் எழுந்திருக்கிறீர்கள். தலை பாரம், உடம்பு அனல். என்ன செய்வீர்கள்? மேனேஜருக்கு ஒரு மெசேஜ்: "உடம்பு சரியில்ல, இன்னிக்கு லீவ்." அவ்வளவுதான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிடலாம். டாக்டரிடம் போவதா, டோலோ போதுமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

உங்கள் தம்பி அக்னிவீராகச் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டை. அதே காய்ச்சல் அவருக்கும் வருகிறது. அவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்ள முடியாது. காலை அணிவகுப்புக்கு வராமல் படுத்திருந்தால் அது 'ஓய்வு' இல்லை, ஒழுங்குமீறல். தனக்கு நோய் என்று அவர் சொன்னால் மட்டும் போதாது. இன்னொருவர் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரவு போனில் அம்மாவிடம், "லேசா காய்ச்சல்மா, ஒண்ணும் இல்ல" என்பார். டாக்டரைப் பார்க்காமல் விட்ட அந்த "ஒண்ணும் இல்ல", சில வருடங்கள் கழித்து அவருடைய இழப்பீட்டையே பாதிக்கலாம். எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

'சிக் ரிப்போர்ட்' என்றால் என்ன?

ராணுவ முகாமில் உடம்பு சரியில்லாத வீரர் முதலில் தன் பிரிவுத் தலைமையிடம், வழக்கமாக ஒரு ஹவில்தாரிடம், சொல்ல வேண்டும். அவர் பெயர் 'சிக் ரிப்போர்ட்' புத்தகத்தில் ஏறும். பிறகு அந்தப் புத்தகத்தோடு எம்.ஐ. ரூமுக்குப் போக வேண்டும். எம்.ஐ. ரூம் என்பது படைப்பிரிவின் சின்ன கிளினிக். அங்கே படைப்பிரிவு மருத்துவ அதிகாரியோ செவிலிய உதவியாளரோ இருப்பார்கள். நெஞ்சு வலி, விபத்து போன்ற அவசரம் என்றால் எந்த நேரத்திலும் போகலாம். மற்றபடி இதற்கென்று காலையில் ஒரு நேரம் உண்டு.

மருத்துவர் பார்த்துவிட்டு ஒரு முடிவு எழுதுவார். மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதலாம். ஓட்டம், உடற்பயிற்சி வேண்டாம், இலகுவான வேலை மட்டும் என்று எழுதலாம். 'அட்டெண்ட் சி' என்று எழுதினால் முழு ஓய்வு. அதற்கும் மேலே என்றால் ராணுவ மருத்துவமனையில் சேர்க்கை.

முழு ஓய்வு கிடைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. ஓய்வு என்பது உங்கள் கட்டிலில், அதே பாரக்கில், சுற்றிலும் நாற்பது பேர் வந்து போகும் இடத்தில்தான். வெளியே போய் தனியார் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பதும் அனுமதி இல்லாமல் நடக்காது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

இரண்டு காரணங்கள். ஒன்று நியாயமானது, இன்னொன்று சந்தேகம்.

நியாயமான காரணம் தொற்று. ஒரே கூரை, ஒரே சமையல், ஒரே கழிப்பறை. ஒருவருக்கு வந்தால் வரிசையாக எல்லோருக்கும் வரும். 1918 இன்ஃப்ளுயன்சாவை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் ஃபன்ஸ்டன் ராணுவ முகாமில் அந்த ஆண்டு மார்ச்சில் நூற்றுக்கணக்கான வீரர்கள் படுத்தார்கள். இந்தியாவில் ஜூன் மாதம் பம்பாய் துறைமுகத்தில் காவலில் இருந்த போலீஸ் சிப்பாய்கள்தான் முதலில் மருத்துவமனைக்குப் போனவர்களில் அடக்கம். இப்படி ஒரு நோயை மறைத்தால் மொத்தப் படைப்பிரிவும் படுத்துவிடும். இந்திய முகாம்களில் மாலையானதும் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும், கொசுவலைக்குள் தூங்க வேண்டும் என்பதெல்லாம் இதே கணக்குதான். அங்கே மலேரியாத் தடுப்பு என்பது அறிவுரை இல்லை, உத்தரவு.

இரண்டாவது காரணம், 'நடிக்கிறானோ' என்ற சந்தேகம். இது எழுதப்பட்ட சட்டத்திலேயே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், பிரிவு 46-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நோய் இருப்பதுபோல் நடிப்பது, நோயை வரவழைத்துக்கொள்வது, குணமாவதை வேண்டுமென்றே தள்ளிப்போடுவது எல்லாம் அதில் குற்றம். ராணுவ நீதிமன்றத்தில் நிரூபணமானால் 7 ஆண்டு வரை சிறை. விடுப்பு முடிந்தும் தக்க காரணமின்றித் திரும்பாமல் இருப்பது பிரிவு 39-இன் கீழ் வரும். அதற்கு 3 ஆண்டு வரை.

இந்தச் சந்தேகம் எவ்வளவு உண்மை? ஒருமுறை அதை எண்ணிப் பார்த்தார்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸ் களத்திலிருந்து கையில் காயத்தோடு வந்த இந்தியச் சிப்பாய்கள் மீது, தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்ற பேச்சு பரவியது. 1915-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இருந்த கிச்சனர் இந்திய மருத்துவமனையின் தலைவர் கர்னல் புரூஸ் சீட்டன் 1,000 காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சிப்பாய்கள் பரவலாகத் தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அவர் கண்டது. தரவு ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம். ஆனால் பேச்சுதான் அதிகம் பரவியது.

இன்றைய பாரக்கிலும் இதன் நிழல் உண்டு. அடிக்கடி சிக் ரிப்போர்ட் போகிறவருக்கு ஒரு பெயர் வந்துவிடும். பயிற்சிக் காலத்தில் அதிக நாள் தவறவிட்டால், அடுத்த தொகுதியோடு சேர்ந்து மறுபடி செய்யச் சொல்லி 'ரெலிகேட்' செய்யப்படலாம். அதனால்தான் பல பேர் முழங்கால் வலியையும், காது இரைச்சலையும், தூக்கமில்லாத ராத்திரிகளையும் சொல்லாமலே ஓட்டிவிடுகிறார்கள்.

ஆண்டர்சன்பேட்டைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

'கேஜிஎஃப்' என்றால் பலருக்கு யாஷ் நடித்த படம்தான் நினைவுக்கு வரும். நிஜ கேஜிஎஃப் வேறு. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்கள், அதைச் சுற்றி தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்த 'லைன்' வீடுகள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்தான் ஆண்டர்சன்பேட்டை. ராணுவத்திலும் வீரர்கள் தங்கும் இடத்தை 'லைன்' என்றுதான் சொல்வார்கள். பெயர் மட்டும் ஒன்று இல்லை. வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, டாக்டரும் கம்பெனியின் ஆள். சங்கு ஊதினால் ஷிஃப்ட்.

3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன அந்தச் சுரங்கங்களில் பாறைத் தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு வந்த நோய் சிலிகோசிஸ். நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிப்போகும், திரும்பக் குணமாகாது. 1940களில் இங்கே நடந்த ஒரு மருத்துவப் பரிசோதனையில் 7,653 தொழிலாளர்களில் 3,402 பேருக்கு சிலிகோசிஸ் இருந்தது. நூறு பேரில் 44 பேர். நீங்கள் வேலை பார்க்கும் தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவு என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த எண்ணிக்கை தெரிவதற்கு முன்பு ஒரு தொழிலாளி இருமினால் என்ன சொல்லியிருப்பார்கள்? 'பீடி', 'டிபி', 'பரம்பரை' என்று எதையும் சொல்லலாம். இந்த நோய் வேலையால்தான் வந்தது என்று இருமுகிறவனே நிரூபிக்க வேண்டும் என்றால், அவன் எப்படி நிரூபிப்பான்? எக்ஸ்ரே கருவி கம்பெனியிடம், மருத்துவக் கோப்பு கம்பெனியிடம்.

1940-இல் மைசூர் அரசு சிலிகோசிஸுக்கு என்று தனி விதிகள் கொண்டுவந்தது. தொழில் நோய்களுக்கான இழப்பீட்டுச் சட்டங்களின் அடிப்படை எளிமையானது. பட்டியலில் உள்ள நோய், பட்டியலில் உள்ள வேலையை உரிய காலம் செய்தவருக்கு வந்தால், அது வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள். தொழிலாளி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதை மாற்றியதுதான் அங்கே நடந்த பெரிய விஷயம்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று இங்குள்ள இளைஞர்கள் பலர் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். நிலையான சம்பளம் தேடுகிறவர்களுக்குச் சீருடை வேலையும் ஒரு வழி. அங்கே போனதும் தாத்தா காலத்துக் கேள்வி திரும்ப வந்து நிற்கிறது: இந்த நோய் வேலையால் வந்ததா, இல்லையா?

ராணுவத்தில் அந்தக் கேள்வியை யார் தீர்மானிப்பது?

மருத்துவ வாரியம். ராணுவ வீரரின் உடல்நிலையை 'ஷேப்' என்ற ஐந்து தலைப்புகளில் மதிப்பிடுகிறார்கள்: மனநலம், கேட்கும் திறன், கை கால்கள், பொது உடல் திறன், பார்வை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண். எல்லாவற்றிலும் 1 என்றால் முழுத் தகுதி, 'ஷேப் ஒன்'. எண் ஏறினால் 'லோ மெடிக்கல் கேட்டகிரி'. முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார்கள். சரியாகவில்லை என்றால் நிரந்தரம். வேலைக்கே தகுதியில்லை என்றால் வெளியேற்றம்.

வெளியேறும்போது வாரியம் இரண்டு விஷயங்களை எழுதும். ஊனம் எத்தனை சதவீதம்? அது பணியால் ஏற்பட்டதா, அல்லது பணியால் மோசமானதா? வழக்கமான வீரருக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, பணியோடு தொடர்பும் உண்டு என்றால் ஊன ஓய்வூதியம். 'தொடர்பில்லை' என்று எழுதிவிட்டால் அந்தத் தொகை கிடையாது. ஒரே ஒரு வரிதான், ஆனால் ஆயுசு முழுக்க வித்தியாசம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இங்கேதான் தரம்வீர் சிங் வழக்கு முக்கியம். அவர் 1985-இல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். சுமார் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1994-இல் வலிப்பு நோய் காரணமாக 20 சதவீத நிரந்தர ஊனத்தோடு வெளியேற்றப்பட்டார். மருத்துவ வாரியம், 'பணியோடு தொடர்பில்லை' என்று எழுதிவிட்டது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டது.

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் சாரம் இதுதான்: சேரும்போது ராணுவமே பரிசோதித்து, நல்ல உடல்நிலை என்று சொல்லித்தான் எடுத்தது. அப்போது கோப்பில் எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே கருத வேண்டும். இல்லை என்று சொன்னால் காரணத்தோடு ராணுவம்தான் நிரூபிக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் வீரருக்கு.

கவனித்தீர்களா? சுரங்கத் தொழிலாளிக்கு இழப்பீட்டுச் சட்டம் சொன்ன அதே தர்க்கம்தான், நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றுவது. ஒரு வித்தியாசம், தரம்வீர் சிங் இதற்கு 19 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகும் விதிகள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. 2023 செப்டம்பர் 21 முதல் ஊன இழப்பீட்டுக்குப் புதிய தகுதி விதிகள் வந்திருக்கின்றன. அந்த நாளுக்குப் பிறகு வெளியேறுபவர்களுக்கு அவைதான் பொருந்தும். ஆகவே 'எங்க மாமாவுக்குக் கெடச்சுது, எனக்கும் கெடைக்கும்' என்று கணக்குப் போடாதீர்கள். எந்தத் தேதியில் வெளியேறினீர்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும்.

பணக் கணக்கு எப்படி?

ஒரு எடுத்துக்காட்டு. பழைய விதிப்படி, வழக்கமான வீரருக்கு 100 சதவீத ஊனம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் மாதாமாதம் ஊனத் தொகை. கடைசிச் சம்பளம் ரூ.40,000 என்று வைத்துக்கொண்டால் ரூ.12,000. ஊனம் 20 சதவீதம் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, ரூ.2,400. ஆனால் 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆகக் கணக்கில் எடுக்கும் முறை ஒன்று இருந்தது. பணிக்காலம் முடிந்து வெளியேறியவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப் பார்த்தால் ரூ.6,000. சிறிய தொகைபோலத் தெரியலாம். ஆனால் இது ஆயுசுக்கும் வருவது.

அக்னிவீருக்குக் கணக்கு வேறு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணி 4 ஆண்டுகள். முதல் ஆண்டு மாதச் சம்பளம் ரூ.30,000. அதில் 30 சதவீதம், அதாவது ரூ.9,000, சேவா நிதிக்குப் போய் கையில் ரூ.21,000 வரும். ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. நோய் விடுப்பு மருத்துவர் சொன்னால் மட்டும். ஓய்வூதியம் கிடையாது. பணியால் ஊனம் ஏற்பட்டால் ஒருமுறை மட்டும் தொகை: 100 சதவீதத்துக்கு ரூ.44 லட்சம், 75-க்கு ரூ.25 லட்சம், 50-க்கு ரூ.15 லட்சம். இங்கேயும் நிபந்தனை அதேதான்: பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று எழுதப்பட வேண்டும்.

இதில் இன்னொரு அழுத்தமும் சேர்கிறது. 4 ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். நான்கு பேரில் ஒருவர். உடல் தகுதியும் மதிப்பீட்டில் உண்டு. 2022 இறுதியில் முகாமுக்குப் போன முதல் தொகுதிக்கு 4 ஆண்டு முடிவது 2026 இறுதியில். இந்த நிலையில் முழங்கால் வலிக்கிறது என்று புத்தகத்தில் பெயர் எழுத யாருக்கு மனசு வரும்? சொன்னால் வேலை போகுமோ என்ற பயம். சொல்லாவிட்டால் பின்னால் ஆதாரம் இல்லை.

அப்படியென்றால் என்ன செய்வது?

உங்கள் வீட்டில் ஒருவர் பாரக்கில் இருந்தால், அடுத்த முறை போன் வரும்போது இவற்றைச் சொல்லுங்கள்.

முதலில், சேரும்போது மருத்துவப் படிவத்தில் பொய் வேண்டாம். சின்ன வயது வலிப்பு, ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு எதையும் மறைக்கக் கூடாது. 'சேரும்போது நல்ல உடல்நிலை' என்பதுதான் பிறகு அவரைக் காப்பாற்றும் வாதம். மறைத்தது தெரிந்தால் அந்த வாதமே எதிராகத் திரும்பும்.

இரண்டாவது, வலி தொடர்ந்தால் சிக் ரிப்போர்ட் போகச் சொல்லுங்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது எங்கேயும் பதிவாகாது. எம்.ஐ. ரூம் பதிவு, மருத்துவமனைச் சேர்க்கை, டிஸ்சார்ஜ் தாள், இவைதான் நாளைக்குச் சாட்சி. கிடைக்கிற ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். எந்த இடத்தில், என்ன வேலையில் இருந்தபோது தொடங்கியது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் நல்லது.

மூன்றாவது, லீவில் ஊருக்கு வந்து உடம்புக்கு முடியாமல் போனால் வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது. முடிந்தால் ராணுவ மருத்துவமனைக்குப் போக வேண்டும். கேஜிஎஃப்-இலிருந்து என்றால் சுமார் 100 கிலோமீட்டரில் பெங்களூரு கமாண்ட் மருத்துவமனை. அவசரம் என்றால் பக்கத்தில் உள்ள மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அன்றைக்கே படைப்பிரிவுக்குத் தகவல் சொல்லி, ஆதாரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அவரால் முடியாதபோது இதைச் செய்ய வேண்டியது வீட்டில் இருக்கும் நீங்கள்தான்.

நான்காவது, மருத்துவ வாரியத்தின் தாளில் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும். 'பணியோடு தொடர்பு இல்லை' என்று இருந்தால், அதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஏற்க முடியாவிட்டால் துறைக்குள் மேல்முறையீடு உண்டு. அதற்கு அடுத்து 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். எதற்கும் காலக்கெடு இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக, மனசு பற்றி. 'ஷேப்' தலைப்புகளில் முதல் எழுத்தே மனநலம்தான். தூக்கம் வரவில்லை, எரிச்சல், அழுகை என்றால் அதுவும் நோய்தான், அதையும் எம்.ஐ. ரூமில் சொல்லலாம். 'ஆம்பள இதுக்கெல்லாம் அழுவானா' என்று வீட்டிலிருந்து நாம் சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி.

ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் போனால் சயனைடு மேடுகள் இன்னும் நிற்கின்றன. தங்கம் எவ்வளவு வந்தது என்று கணக்கு இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கப்படாமல், பெயர் பதியாமல், இருமிக்கொண்டே ஊருக்குத் திரும்பிய தொழிலாளிகளின் கணக்கு இல்லை. பதிவாகாத நோய்க்கு அன்றைக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை, இன்றைக்கும் கிடைக்காது. அதனால் இன்று இரவு தம்பி "லேசா காய்ச்சல், ஒண்ணும் இல்ல" என்று சொன்னால், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "புத்தகத்துல பேர் எழுதுனியா?"